இடப்பக்கத்துக் கிளட்ச்

பதினேழாம் நம்பரா, அப்ப பன்னெண்டு மணி ஆயிரும்மா, நிழல்ல நில்லுங்க என்று வாசல் காவலாளி சொன்னபோது மங்கையர்க்கரசிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வந்ததென்னவோ நிம்மதி. இன்னும் ஒன்றரை மணி நேரம். அதுவரைக்கும் அவள் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துச் சுவரை ஒட்டி நின்ற வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மண்ணில் நின்றாள். இடது கால் கொஞ்சம் நடுங்குகிற மாதிரி இருந்தது. நாற்பத்தொரு வருஷமாக உடம்போடுதான் இருக்கிறது அந்தக் கால், அதைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததே இல்லை. சோறு பிசையும் கை, கும்பிடும் கை, கம்ப்யூட்டரில் தட்டும் கை என்று மரியாதை எல்லாம் கைக்குத்தான். காலுக்கு ஒரு கொலுசு, இரண்டு மெட்டி, அதோடு முடிந்தது. இப்போது பார்த்தால் மைதானத்தில் வரிசை கட்டி நிற்கும் இத்தனை கார்களும் யாரோ ஒருவருடைய இடது கால் எழும்பி வருவதற்காகத்தான் காத்துக்கொண்டு நிற்கின்றன. எண்ணூறு கிலோ இரும்பு, ஒரு உள்ளங்கால். இதை யாராவது ஒருத்தர் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்கக் கூடாதா. அங்கே வெள்ளைக் கோடு போட்டு, மூலைக்கு மூலை இரும்புக் கம்பி நட்டு, தரையில் ஹெச் எழுதி வைத்திருக்கிறார்கள். போக வேண்டும், நிற்க வேண்டும், பின்னால் வர வேண்டும், கம்பியைத் தொடக் கூடாது, வண்டி ஆஃப் ஆகக் கூடாது. மூன்று நிமிஷ வேலை. ஓரமாகத் தகரக் கூரையின் கீழே காக்கிச் சட்டை போட்ட இன்ஸ்பெக்டர் அம்மா, முப்பது வயசுகூட இருக்காது, நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறாள். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் ஓட்டுகிறவர் தலை தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் தலையும் தெரியும். கால் தெரியாது. அதுதான் மங்கையர்க்கரசியின் பிரச்சினை.

முந்தாநாள் காலையிலிருந்து அந்தக் கால் அவளை விடவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டி என்றால் இரண்டு பக்கமும் பெடல் உண்டு என்பது ஊருக்கே தெரியும். ஓட்டுகிறவர் பக்கம் மூன்று, மாஸ்டர் பக்கம் கிளட்ச் ஒன்று, பிரேக் ஒன்று. நடுவில் ஒரு தண்டு போட்டுக் கோத்திருப்பார்கள். ஆபத்து அவசரத்துக்குத்தான் என்று ஜேசுராஜ் மாஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார், இவளும் பஸ்ஸில் முதலுதவிப் பெட்டி தொங்குவதைப் போல அதை நினைத்து மறந்துபோனாள். இருபத்திரண்டு நாள். இருபத்திரண்டு நாளும் கிளட்ச் அவள் காலுக்கடியில் பூவாக எழும்பி வந்தது. வண்டி கிளம்பியதே தெரியாமல் கிளம்பியது. நமக்குக் கால் நன்றாக வருகிறது என்று அவளுக்கு ஒரு கர்வம்கூட வந்துவிட்டது, அதை வெளியே காட்டாமல் வீட்டில் தோசை திருப்பும்போது தனியாகச் சிரித்துக்கொண்டாள். இருபத்து மூன்றாம் நாள், அதாவது முந்தாநாள், கடைசி வகுப்புக்கு மாஸ்டர் இடது காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பைக் சைலன்ஸர் சுட்டுவிட்டதாம். அன்றைக்கு வண்டி பதினோரு தடவை ஆஃப் ஆனது. சும்மா ஆஃப் ஆகவில்லை, ஒவ்வொரு தடவையும் மாடு முட்டின மாதிரி முன்னால் குதித்து, குலுங்கி, செத்தது. நாலாவது தடவையில் அவளுக்குப் புரியவில்லை. ஏழாவது தடவையில் மாஸ்டருடைய கட்டுப் போட்ட காலைக் குனிந்து பார்த்தாள், அந்தக் கால் கிளட்சை விட்டு ஒரு முழம் தள்ளி, மடங்கி, ஓய்வாக இருந்தது. பதினோராவது தடவைக்கு அப்புறம் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே, மாஸ்டர், இத்தனை நாளும் நீங்களா மிதிச்சீங்க என்று கேட்டாள். அவர் மழுப்பவில்லை, அதைச் சொல்ல வேண்டும். பாதி நீங்க, பாதி நான் என்றார், கடலை வாங்கிப் பங்கு போட்டவர் மாதிரி. எல்லாருக்கும் அப்படித்தாங்க்கா, டெஸ்டுக்கும் நான்தானே பக்கத்துல உக்காருவேன், நீங்க ஸ்டியரிங்க மட்டும் பாருங்க, காலை நான் பாத்துக்கறேன்.

பாதி. எந்தப் பாதி என்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். நாளில் பாதியா, காலில் பாதியா. முதல் பத்து நாள் அவர், அப்புறம் நான் என்றால் ஒரு கணக்கு. கிளம்பும்போது அவர், நிற்கும்போது நான் என்றால் இன்னொரு கணக்கு. ஒன்பதாம் நாள் பாலத்து ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் நின்று, பின்னால் ஒரு அங்குலம் உருளாமல் எடுத்தாளே, அது யார்? அன்றைக்கு மாஸ்டர் ஜன்னல் வழியாக யாரையோ கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார், காலை மட்டும் வேலைக்கு வைத்துவிட்டு வாயால் ஊர்வம்பு பேசுகிற ஆள் அவர், ஆகவே அதுவும் அவராகவே இருக்கலாம். பன்னிரண்டாம் நாள் கோழி குறுக்கே ஓடியபோது நிறுத்தியது? கோழிக்குத் தெரியுமோ என்னவோ. இப்படி ஒவ்வொரு நாளாக எடுத்து முந்தாநாள் முழுக்கத் துவைத்தாள், நேற்றும் துவைத்தாள், ஒன்றும் வெளுக்கவில்லை. தன்னுடையது என்று நினைத்திருந்த ஒரு மாதத்தில் எது தன்னுடையது என்று தெரியாமல் போவது எப்படிப்பட்ட விஷயம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வேறு யாராவது என்றால் இதற்கு இவ்வளவு யோசிக்க மாட்டார்கள். வண்டி கிளம்பும்போது ஒரு குலுக்கு குலுக்கினால் என்ன, முன் சீட்டுக்காரர் அடப்பாவி என்பார், அவ்வளவுதான். மங்கையர்க்கரசியின் வண்டியில் உட்காரப் போவது அவள் மகள் கவின்மலர். பத்து வயசு. அந்தப் பிள்ளைக்கு எலும்பு ஒடியும். விழுந்தால் ஒடியும், அது எல்லாருக்கும்தான். கவினுக்கு வேகமாகத் திரும்பிப் படுத்தால் ஒடியும், தும்மினால் ஒரு தடவை விலா ஒடிந்திருக்கிறது. டாக்டர் அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார், இவர்கள் வீட்டில் எலும்பு என்று மட்டும் சொல்வார்கள். பிறந்த மூன்றாம் நாள் எடுத்த எக்ஸ்ரே படத்தை டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு தொடை எலும்பு, அதில் சின்னதாக ஒரு முடிச்சு. இது பழைய முறிவும்மா என்றார். மூன்று நாள் பிள்ளைக்குப் பழைய முறிவு எங்கிருந்து வரும் என்று இவள் விழித்தாள். வயித்துக்குள்ளயே ஒடிஞ்சிருக்கு, வயித்துக்குள்ளயே ஒட்டிக்கிச்சு. அன்றைக்கு அவள் அழவே இல்லை. அழுகைக்கு முன்னால் வேறு ஏதோ ஒன்று வந்து நின்றுகொண்டது, அதை இப்போதும் அவளால் சொல்ல முடியாது. தனக்குள்ளே, தன் வயிற்று இருட்டில், தான் கடைக்குப் போய் வெங்காயம் பேரம் பேசிக்கொண்டிருந்த ஏதோ ஒரு நாளில், ஒரு எலும்பு சத்தமில்லாமல் ஒடிந்து, யாரும் கட்டுப் போடாமல், யாரும் பார்க்காமல், தானே கூடியிருக்கிறது. அவள் அதற்குப் பிறகு கோயிலில் நின்றபோதும் அவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் நின்ற மாதிரி இருந்ததில்லை. கூடவே அந்தப் பயமும். எந்த நாள் அது? பஸ்ஸைப் பிடிக்க ஓடினேனே, அந்த நாளா? பஸ் டிரைவர் வெடுக்கென்று எடுத்தாரே, கம்பியைப் பிடித்துத் தொங்கினேனே, அன்றைக்கா?

எட்டாம் நம்பர் வண்டி கம்பியில் இடித்தது. டங்கென்று சத்தம். வரிசையில் நின்ற எல்லாரும் ஒரே முகமாக உச்சுக் கொட்டினார்கள். பாவம், மீசை வைத்த பெரிய ஆள், இறங்கும்போது கம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி அதைத் தடவிவிட்டுப் போனார். மங்கையர்க்கரசி கண்ணை மூடிக்கொண்டாள். டங்கென்ற அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பில் ஒரு இடம் இருக்கிறது. போன தை மாதம் மதுரைக்கு டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளப் போகும் வழியில் வாடகைக் கார் டிரைவர் சடன் பிரேக் போட்டார், குறுக்கே ஒன்றும் வரவில்லை, செல்போனில் எதையோ பார்த்துவிட்டு நிமிர்ந்திருக்கிறார். பெல்ட் போட்டிருந்த இடத்திலேயே கவினுக்குக் காறை எலும்பு போயிற்று. பிள்ளை கத்தவில்லை. அம்மா, ஒடிஞ்சிருச்சு என்று மட்டும் சொன்னாள், பென்சில் முனை ஒடிந்ததைச் சொல்கிற குரலில். மூன்று மாசத்துக்கு ஒரு டிரிப்ஸ், போக நாற்பத்தாறு கிலோமீட்டர், பதினெட்டு வேகத்தடை. எலும்புக்குப் பலம் ஏற்றப் போகிற வழியில் எலும்பு ஒடிகிறது. கவின் டிரைவர்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாள். அந்தக் கார்க்காரருக்குப் போட்டது ஒன்று. ஏன் ஒன்று குடுத்த என்று கேட்டதற்கு, சாரி சொன்னாருல்ல என்றாள். இதுவரைக்கும் அவள் யாருக்கும் ஆறுக்கு மேல் போட்டதில்லை.

சுந்தரபாண்டிக்கு அவள் மார்க் போடவே மாட்டாள். அப்பாவாயிற்றே. இருபது வருஷமாக பைக் ஓட்டிய மனுஷன், கல்யாணமான புதிதில் இவளைப் பின்னால் உட்கார வைத்து வைகைக்கரை முழுக்கச் சுற்றிய மனுஷன், நாலு வருஷத்துக்கு முன்னால் தெருமுனையில் புதிதாகப் போட்டிருந்த ஒரு வேகத்தடையைக் கவனிக்கவில்லை. பெயிண்ட் அடிக்காத வேகத்தடை. முன்னால் உட்கார்ந்திருந்த கவினுக்கு இரண்டு காலும். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியின் கைப்பிடியையும் தொடுவதில்லை. பைக்கை விற்றார். ஹார்டுவேர் கடைக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தே போய்வருகிறார். ஆறு மாசத்துக்கு முன்னால் இவள் சொந்தமாகப் பழைய கார் ஒன்று பார்க்கலாம், நான் ஓட்டிக்கறேன் என்றபோது அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, நீ ஓட்டுவ என்றார். கேள்வியாக அல்ல. அந்த இரண்டு வார்த்தைக்கு அவள் மனசு அப்படியே உருகிப்போயிற்று. கார் வந்து வாசலில் நிற்கிறது. தினமும் துடைக்கிறார். கதவைத் திறந்து உள்ளே மட்டும் உட்கார மாட்டார். இவள்தான் ராத்திரிச் சாப்பாடு முடிந்து போய் இன்ஜின் போடாமல் உட்கார்ந்து கிளட்சை மிதித்து மிதித்து விடுவாள். ஓடாத வண்டியில் எந்தக் காலும் நல்ல கால்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் லைசென்ஸுக்குத் தேதி போட்டுத் தருவதே மங்கையர்க்கரசியின் பிழைப்பு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இ-சேவை மையத்தில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பம், ஆதாரை ஏற்று, படத்தை ஏற்று, கையெழுத்தை ஏற்று, நாற்பது தாண்டியிருந்தால் டாக்டர் சான்று, அப்புறம் சிக்னல் கேள்விகள், அதில் தேறினால் முப்பது நாள் காத்திரு, அப்புறம் ஓட்டுநர் தேர்வுக்கு நாளும் நேரமும் பிடி. நாளைக்கு இருபது பேருக்காவது பிடித்துக் கொடுத்திருப்பாள். பச்சைக் கட்டம் என்றால் இடம் உண்டு, சிவப்பு என்றால் இல்லை. எந்த நாள் சார் வேணும், புதன் வேண்டாமா, சரி வியாழன், பிரிண்ட் எடுக்கட்டுமா. பச்சைக் கட்டத்துக்குள்ளே இவ்வளவு பெரிய மைதானமும் வெயிலும் வியர்வையும் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும். தன் பெயரைத் தானே அடித்து, தன் படத்தைத் தானே ஏற்றி, கடைசியில் உறுதி செய் என்ற இடத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. பின்னால் நின்றவர், என்னம்மா சர்வர் இல்லையா என்றார். இருக்கு சார், நான்தான் இல்லை என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் அமுக்கினாள். கவினின் அடுத்த டிரிப்ஸுக்குப் பதினாறு நாள் முன்னால் வருகிற மாதிரி ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாய் இதுதான். இத்தனை வருஷமாக அவளிடம் தேதி வாங்கிப் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர், அவர்கள் எல்லாரும் இந்த மரத்தடியில் இப்படித்தான் நின்றிருப்பார்களா. அதில் எத்தனை பேர் பாதி, எத்தனை பேர் முழுசு?

பதினொன்று போய்விட்டு வந்தது. பன்னிரண்டு கிளம்பியது. வெளியே பைபாஸில் பஸ் ஒன்று நின்று ஆளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது, அவள் அதையே பார்த்தாள். இந்த ஒரு மாதமாக அவளுக்கு இது ஒரு வியாதியாகிவிட்டது. எந்த வண்டி கிளம்பினாலும் பார்க்க வேண்டும். அறுபது பேர், அதில் இருபது பேர் நிற்கிறார்கள், ஒரு அம்மா இடுப்பில் பிள்ளையோடு, ஒரு பெரியவர் கையில் முட்டைத் தட்டோடு, டிரைவர் வெற்றிலையை மென்றுகொண்டே காலை எடுக்கிறார், யாரும் அசையவில்லை, முட்டையும் அசையவில்லை. அவர் பாட்டுக்கு அடுத்த நிறுத்தத்துக்குப் போகிறார். யாராவது கைதட்டினார்களா? யாராவது அந்தக் காலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்களா? உலகம் முழுக்கத் தினமும் கோடிக்கணக்கான கால்கள் இப்படி எழும்பி எழும்பி இறங்குகின்றன, ஒன்று பிசகினால் ஒரு பிள்ளைக்கு எலும்பு போகும், பிசகாமல் எழும்புகின்றன, அதுதான் வாழ்க்கை என்று எல்லாரும் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். நினைத்தால் மலைப்பாக இருந்தது. கடவுளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிளட்சைப் பற்றி ஏன் பேசுவதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது, பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டாள்.

காலையில் கிளம்பும்போது கவின் கட்டிலில் சாய்ந்தபடி, பாஸாயிட்டா இன்னைக்கே ஒரு ரவுண்டு போலாமா என்று கேட்டாள். சுந்தரபாண்டி முந்திக்கொண்டார். கார்டு தபால்ல வரட்டும்டா, வந்த அன்னைக்கே போவோம். கவர்மென்ட்டே பாத்து, இந்தம்மா ஓட்டலாம்னு எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நமக்கு என்ன பயம் என்றார். நாலு வருஷத்துக்கு அப்புறம் அவர் வாயில் பயமில்லை என்ற சொல் வந்தது. அதுதான் இவளைக் குத்துகிறது. மாஸ்டர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கார்டை வாங்கிக்கோ, அப்புறம் வீட்டில் போய்ப் பழகிக்கோ. ஊரே அப்படித்தான் செய்கிறது. ஆனால் கார்டு வந்த அன்றைக்கே அந்த மனுஷன் கவினைத் தூக்கிப் பின் சீட்டில் தலையணை வைத்து உட்கார்த்துவார். அவர் நம்புவது இவளை அல்ல, இவளுக்கு மேலே முத்திரை குத்திய ஒன்றை. அந்த முத்திரையில் பாதி ஜேசுராஜ் மாஸ்டருடைய கால் என்று உலகத்திலேயே இவளுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிடலாம், இருங்க, நான் இன்னும் பழகணும் என்று. சொன்னால் அந்த முகம் மறுபடி சுவரைப் பார்க்கும். சொல்லாமல் இருந்தால் வாசலில் வண்டி ஒரு குதி குதிக்கும், பின்னாலிருந்து, அம்மா, ஒடிஞ்சிருச்சு. இவளுக்கு வேண்டியது கார்டா? வேண்டும்தான், யார் இல்லை என்றது, பதினாறு நாளில் மதுரைக்குப் போயாக வேண்டும். அதற்கு முன்னால் இந்த உள்ளங்காலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். தெரிவதற்கு ஒரே வழிதான் இருக்கிறது, அதைச் செய்தால் அநேகமாகத் தோற்பாள். முந்தாநாள் பதினோரு தடவை.

ஜேசுராஜ் மாஸ்டர் கையில் காகிதக் கப்போடு வந்தார். கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார், காலில் மருந்து மட்டும் மஞ்சளாக அப்பியிருந்தது. "அக்கா, அடுத்தது நாமதான். டென்ஷன் வேண்டாம். புண்ணு ஆறிருச்சு, இன்னைக்கு வண்டி வெண்ணெய் மாதிரி போகும் பாருங்க."

"மாஸ்டர், இன்னைக்கு நீங்க காலை மேல எடுத்து வச்சுக்கங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் டீயை விழுங்காமல் நின்றார். "என்னக்கா விளையாடுறீங்க. முந்தாநாள் பார்த்தீங்கல்ல? ஆஃப் ஆயிருச்சுன்னா ஃபெயிலு. நம்ம ஸ்கூல்ல இந்த வருஷம் ஒருத்தர்கூட ஃபெயில் இல்லக்கா."

"தெரியும் மாஸ்டர். எம் பிள்ளையைப் பத்தி உங்களுக்குச் சொல்லியிருக்கேன்ல."

"அதுக்குத்தான் சொல்றேன். மொதல்ல லைசென்ஸு, பொறவு பழக்கம். நான் வேணா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்து சொல்லித் தர்றேன், ஒத்தப் பைசா வேண்டாம்." நல்ல மனுஷன்தான். இருபது வருஷமாக ஊரிலுள்ள கோழைக் கால்களுக்கெல்லாம் தன் காலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறவர். அவர் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை, அதுவே சங்கடமாக இருந்தது. பதினேழு என்று கூப்பிட்டார்கள்.

ஸ்டியரிங் கொதித்தது. பெல்ட்டைப் போட்டாள், கண்ணாடியைச் சரி செய்தாள், இடது காலைக் கிளட்சில் வைத்தாள். வைத்த கணமே தெரிந்தது, அது ஏற்கெனவே இறங்கியிருந்தது. பக்கத்தில் மாஸ்டரின் மஞ்சள் மருந்துக் கால் அந்தப் பக்கத்துக் கிளட்சின் மேல் அமைதியாக இருந்தது, தொட்டிலை ஆட்டுகிற கால் மாதிரி. எடுங்க மாஸ்டர் என்றாள் மெதுவாக. அவர் முன்னால் பார்த்தபடியே, ஸ்டார்ட் பண்ணுங்கக்கா, அம்மா பாக்குறாங்க என்றார். எடுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. இந்த இழுபறியில் ஒரு நிமிஷம் போயிற்று. தகரக் கூரைக்குக் கீழே நாற்காலி நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்து வெயிலுக்கு வந்து ஜன்னலருகே குனிந்தாள். என்னம்மா, வண்டி ஓடலையா? மங்கையர்க்கரசி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். மாஸ்டரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது, அந்த ஒரு நொடியில் எத்தனை கதவு திறந்து மூடுகிறது. "மேடம், நான் தனியா ஓட்டிப் பாக்கணும்" என்றாள். இன்ஸ்பெக்டர் அம்மா இவளைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், முதல்முறையாகக் கீழே பார்த்தாள். அந்தக் கால் சட்டென்று பின்னால் போயிற்று. கிளட்ச் இவள் காலுக்கடியில் கனமாக எழும்பியது. இவ்வளவு கனமா அது. "மாஸ்டர், நீங்க இறங்கி அந்தப் பக்கம் போயிருங்க" என்றாள் அந்தப் பெண், கோபமே இல்லாமல்.

அப்புறம் நடந்ததைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் தடவை வண்டி குதித்துச் செத்தது. குதித்தபோது பின் சீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு தடவை எடுங்க என்று இன்ஸ்பெக்டர் அம்மா கையைக் காட்ட, சாவியைத் திருப்பினாள். இரண்டாவது தடவை குதித்தது, சாகவில்லை, போயிற்று, கோட்டுக்குள்ளே போயிற்று, நின்றது. பின்னால் வர வேண்டும். ரிவர்ஸ் போட்டு, தலையைத் திருப்பி, காலை எடுக்க, காது முழுக்க இன்ஜின், உள்ளங்கை முழுக்க ஈரம், வளைக்க வேண்டிய இடத்தில் வளைக்காமல், வளைக்கக் கூடாத இடத்தில் வளைத்து, டங். வரிசை உச்சுக் கொட்டியது. இன்ஸ்பெக்டர் அம்மா எழுதினாள். "ஏழு நாள் கழிச்சு மறுபடி தேதி போட்டு வாங்கம்மா. வண்டியை ஓரமா எடுத்துருங்க, அடுத்தவங்க வரணும்." அவ்வளவுதான். பதினெட்டு என்று கூப்பிட்டார்கள், எல்லார் முகமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மாஸ்டர் கேட் ஓரமாக யாரிடமோ கையை ஆட்டி ஆட்டி நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய், அடுத்த செவ்வாய் பச்சையாக இருக்குமா, மதுரைக்கு ஒன்பது நாள் மிஞ்சும், வீட்டில் அவரிடம் என்ன சொல்வது, எல்லாம் ஒன்றாக வந்தன. அழுதுவிடுவோம் என்று நினைத்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுக்க வேண்டும், எடுத்தால்தான் இறங்க முடியும்.

முதல் கியர் போட வேண்டும். கிளட்சை மிதித்தபோது இடப்பக்கம் ஏதோ அசைந்தது போலிருந்தது. குனிந்து பார்த்தாள். ஆளில்லாத சீட்டுக்குக் கீழே அந்தப் பக்கத்துக் கிளட்ச் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. தேய்ந்த ரப்பர், அதன் மேல் கொஞ்சம் மஞ்சள் மருந்து. யாரும் இல்லை அங்கே. இவள் காலைக் கொஞ்சம் எடுத்தாள், அதுவும் கொஞ்சம் எழும்பியது. நிறுத்தினாள், நின்றது. மாஸ்டர் மிதித்தால் இவளுடையது இறங்கும் என்றுதான் இத்தனை நாளும் தெரியும், இவள் மிதித்தால் அவருடையதும் இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை. உடம்பு சிலிர்த்தது. பயமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, தோற்றதுகூட மறந்துபோயிற்று, முதல் கியரைப் போட்டு, அந்தக் கறுப்பு ரப்பரை மட்டும் பார்த்துக்கொண்டு காலை விட்டாள். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுகிற மாதிரி. அந்தப் பக்கம் அது எழும்பி வந்தது. ஒரு இடத்தில் உள்ளங்காலில் லேசான ஒரு நடுக்கம், உள்ளே ஏதோ ஒன்று இன்னொன்றைத் தொட்டுப் பிடித்துக்கொண்ட மாதிரி, அங்கே கால் தானே நின்றது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது சுவர் நகர்ந்துகொண்டிருந்தது. வேப்பமரம் நகர்ந்துகொண்டிருந்தது. வண்டி எப்போது கிளம்பியது என்று அவளுக்கே தெரியவில்லை. சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினாள், நின்றதும் தெரியவில்லை, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், சாவியைத் திருப்பினாள். ஒரு பயலும் பார்க்கவில்லை. அப்படியே ஸ்டியரிங்கில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜேசுராஜ் மாஸ்டர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். கோட்டுக்குள்ளே பார்த்தார், வண்டி இல்லை. சுவரோரம் பார்த்தார். ஜன்னலில் கை வைத்துக் காலியான இடப்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"யாருக்கா வண்டியை இங்க கொண்டாந்து விட்டது?"

"நான்தான் மாஸ்டர்" என்றாள்.